முள்ளோடையைத் தாண்டாத மருத்துவப் பதிவுகள்: ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் கடலூரிலும் மருத்துவமனை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அவற்றை மேற்பார்வை செய்யும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

போன மாதம் புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில், ரத்தம் எடுக்கும் கவுன்ட்டருக்கு மேலே புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "வெளியில் எடுத்த லேப் ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட் ஏற்கப்பட மாட்டாது." அதற்குக் கொஞ்சம் தள்ளி, மத்திய அரசின் உடல்நல அடையாள எண்ணான ஆபா எண்ணை எடுக்கச் சொல்லும் போஸ்டர், க்யூஆர் கோடோடு. மருத்துவப் பதிவுகள் எல்லாம் இனி ஒரே எண்ணில், எங்கே போனாலும் கிடைக்கும் என்று அதில் போட்டிருந்தது. அம்மாவுக்கு ஆபா எண் இருக்கிறது. 14 இலக்கத்தையும் அட்டையில் போட்டு லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். கவுன்ட்டரில் அதைக் காட்டி, அந்த வாரமே கடலூரில் எடுத்த ரிப்போர்ட்டையும் நீட்டினேன். "அந்த நம்பர் டோக்கனுக்குத்தாங்க. டெஸ்ட் எல்லாம் மறுபடி இங்கதான் எடுக்கணும்" என்று சொல்லி பில் போட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இட்ட வேலையை அவர் செய்கிறார். மருத்துவமனையின் பெயரையும் எழுதவில்லை. இதே பதிலை வேறு வேறு இடங்களில், வேறு வேறு ஊழியர்கள் வாயால் கேட்டிருக்கிறோம். அந்த அறிவிப்பை ஒட்டச் சொல்லி முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வெகு நாளாகச் சர்க்கரை. இப்போது சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை உள்ளூரில் வாங்குகிறோம், சிறுநீரக டாக்டர் புதுச்சேரியில், கண்ணுக்கு லேசர் செய்தது வேறொரு இடத்தில். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது புதிதில்லை. கடலூர், விழுப்புரம், சிதம்பரம் ஜனங்கள் பெரிய வைத்தியம் என்றால் பாண்டிக்குத்தான் பஸ் ஏறுவார்கள். ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, கோரிமேட்டில் ஜிப்மருக்குள் நுழைந்தால் மத்திய அரசு. நடுவில் தனியார் மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும். முப்பது கிலோமீட்டருக்குள் மூன்று அரசுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரே உடம்பைத் தூக்கிக்கொண்டு நோயாளி நடக்கிறார், கையில் ஒரு கட்டைப்பை நிறைய தாள்களோடு.

அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தாமல் போகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கடலூரில் ஒரு லேபில் அம்மாவின் ரிப்போர்ட்டில் 'பியுஎன் 28' என்று வந்தது. சில நாள் கழித்து புதுச்சேரியில் எடுத்ததில் 'பிளட் யூரியா 60'. இரண்டிலும் அளவு ஒன்றே, டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அண்ணன் முகம் வெளுத்துப் போனது. சிறுநீரகம் ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, டயாலிசிஸ்தான் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. தெரிந்த லேப் டெக்னீஷியன் ஒருவர்தான் போனில் விளக்கினார். ரத்தத்தில் இருக்கும் யூரியா மொத்தத்தையும் எடை போட்டால் ஒரு எண் வரும். அதில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் வேறு எண் வரும், பியுஎன் என்பது அதுதான். 28ஐ 2.14ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 60. அதாவது அம்மாவின் உடம்பில் எதுவுமே மாறவில்லை. ரிப்போர்ட் எழுதும் விதம்தான் மாறியிருந்தது.

இதை ஏதோ படிக்காத குடும்பத்தின் குழப்பம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்தக் குழப்பம் வரும் என்று தெரிந்துதான் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-ல் லாயிங்க் என்ற எண் பட்டியலைத் தொடங்கியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நிலையான எண். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினினுக்கு 2160-0. யூரியா நைட்ரஜனுக்கு 3094-0, யூரியாவுக்கு அது இல்லை, வேறு எண். லேப் தன் தாளில் எந்தப் பெயரைப் போட்டாலும் சரி, கூடவே இந்த எண்ணும் போனால், வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டர் இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. டாக்டர் திரையில் அம்மாவின் இரண்டு வருடக் கிரியாட்டினின் ஒரே கோடாகத் தெரியும். பட்டியலைப் பயன்படுத்தக் காசும் கிடையாது.

நம் நாடு இதையெல்லாம் அறியாத நாடா? இல்லவே இல்லை. இந்தியாவின் சுகாதார அமைச்சகம் மின்னணு உடல்நலப் பதிவுகளுக்கான தரநிலைகளை 2013 செப்டம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. லேப் முடிவுகளுக்கு லாயிங்க், நோய்க்கும் சிகிச்சைக்கும் ஸ்னோமெட் சிடி, நோய் வகைப்பாட்டுக்கு ஐசிடி-10, ஸ்கேன் படங்களுக்கு டைகாம், ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்ப எச்எல்7 என்று எல்லாமே அதில் உண்டு. 2014-ல் ஸ்னோமெட் சிடியை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பில் இந்தியா உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அதனால் இங்குள்ள மருத்துவமனையோ சாஃப்ட்வேர் கம்பெனியோ அதற்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இவற்றைச் சொல்லிக்கொடுக்கவும் உதவி செய்யவும் புனேயில் சி-டாக் நிறுவனத்தில் ஒரு தேசிய மையமே இருக்கிறது. 2016 டிசம்பரில் தரநிலைகளைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள். பல நாடுகள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாம் தாளில் எழுதி முடித்துவிட்டோம்.

அந்த 2016 ஆவணத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறது. பதிவைச் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டரும் சாதனமும் மருத்துவமனையின் சொத்து. அதற்குள் இருக்கும் நோயாளியின் உடல்நலத் தகவல் நோயாளியின் சொத்து, நோயாளி சார்பில் மருத்துவமனை அதைப் பொறுப்பாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவின் ரிப்போர்ட்டைக் கேட்டு நாங்கள் கவுன்ட்டர் கவுன்ட்டராக நிற்கும்போது, சலுகை கேட்கிறவர்களாக எங்களைப் பார்க்கிறார்கள். எங்களுடையதைத்தான் கேட்கிறோம்.

அப்புறம் புதுச்சேரி. 2020 ஆகஸ்ட் 15 அன்று, இந்த ஆபா எண்ணுக்குப் பின்னால் இருக்கும் தேசிய டிஜிட்டல் ஹெல்த் மிஷனை நாட்டில் முதலில் சோதித்துப் பார்க்க ஆறு யூனியன் பிரதேசங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தமான், சண்டிகர், தாத்ரா நகர் ஹவேலி - டாமன் டையூ, லடாக், லட்சத்தீவு, புதுச்சேரி. நாடு முழுவதற்கும் திட்டம் விரிந்தது 2021 செப்டம்பர் 27-ல்தான். பெரிய மாநிலங்கள் எல்லாம் காத்திருக்க, நம் பக்கத்துக்கு ஒரு வருடம் முன்னாலேயே வாய்ப்பு வந்தது. 2022 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஐந்து வருடத்துக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023 ஜனவரியிலிருந்து, பதிவுகளை டிஜிட்டலாக்கி நோயாளியின் எண்ணோடு இணைக்கும் மருத்துவமனைகளுக்கும் லேப்களுக்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கும் அதிகபட்சம் 4 கோடி ரூபாய் வரை ஊக்கத்தொகை என்றும் அறிவித்தார்கள். தரநிலை வந்தது, அடையாள எண் வந்தது, பணமும் வந்தது. எங்கள் கட்டைப்பை மட்டும் அப்படியே இருக்கிறது.

எத்தனை பேருக்கு ஆபா எண் கொடுத்தோம் என்பதைத்தான் எல்லாரும் எண்ணிச் சொல்கிறீர்கள். எண் கொடுப்பது வாசலில் பெயர்ப் பலகை மாட்டுவது போல. உள்ளே வீடு கட்டியிருக்கிறதா என்பதை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. அம்மாவின் ஆபா செயலியைத் திறந்து பார்த்தால், இத்தனை வருட வைத்தியத்தில் அதில் இணைந்திருப்பவை சில ஓபி டோக்கன் விவரங்களும் ஒரு பிடிஎஃப்பும்தான். அந்த பிடிஎஃப்பும் கையால் எழுதிய சீட்டை ஸ்கேன் செய்தது. திட்டத்தில் தகவல் அனுப்ப 'ஃபயர்' என்ற நவீன வடிவத்தை வைத்திருக்கிறார்கள், நல்ல வடிவம். ஆனால் அதற்குள் ஸ்கேன் செய்த தாளை அப்படியே வைத்து அனுப்பவும் இடம் இருக்கிறது. இணைத்தாயிற்று என்று கணக்கில் ஏறிவிடும். அந்தப் படத்திலிருந்து கிரியாட்டினின் எண்ணை எந்தக் கம்ப்யூட்டரும் எடுத்து டாக்டருக்குக் காட்டப் போவதில்லை.

இதனால் பணம்தானே போகிறது என்று நினைத்தால் அது தவறு. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு முட்டி வலி தாங்கவில்லை. வீட்டில் நாங்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். சர்க்கரை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அதைச் சொன்னார்கள். சிறுநீரக விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அம்மா வலியில் எதையும் சொல்லும் நிலையில் இல்லை. டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, அதே மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்த வகை வலி மருந்து ஆகாது என்பது அந்த டியூட்டி டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது. அம்மாவின் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை. அந்தத் தகவல் அவர் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வேறொரு மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் இருந்தது. அடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. கால் வீங்கி, அம்மா பல நாள் படுக்கையில் இருந்தார். முழுக்கப் பழைய நிலைக்குக் கிரியாட்டினின் இறங்கவேயில்லை.

எந்த டாக்டரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு டாக்டர் மருந்து எழுதும் நேரத்தில் அவர் கண் முன்னால் இருக்க வேண்டிய நான்கைந்து விஷயங்கள் உண்டு: என்ன நோய், என்ன மருந்து ஓடுகிறது, எது ஒத்துக்கொள்ளாது, கடைசி ரத்தப் பரிசோதனை என்ன. 2013-லிருந்து நாம் ஒப்புக்கொண்ட தரநிலைகள் எல்லாம் இந்த நான்கைந்து விஷயங்களுக்காகத்தான்.

இன்னொன்று, இந்தக் கடற்கரையில் காகிதத்தை நம்பி இருக்கவே முடியாது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தது. 2015-ல் கடலூர் மூழ்கியது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையும், சாத்தனூர் அணையிலிருந்து பெண்ணையாற்றில் வந்த தண்ணீரும் சேர்ந்தபோது, குண்டு உப்பலவாடியில் சித்தி வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். அங்கேதான் அவருடைய இதய ஃபைல் இருந்தது. ஆஞ்சியோ செய்த ரிப்போர்ட், எக்கோ, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கூழாகிவிட்டன. ஈசிஜி தாளில் கோடே இல்லை. சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போய் நகல் கேட்டோம். "இடையில சாஃப்ட்வேர் மாத்திட்டோம், பழசு இதுல வராது" என்றார்கள். ஒரே மருத்துவமனையின் பழைய சாஃப்ட்வேரும் புதிய சாஃப்ட்வேரும்கூடப் பேசிக்கொள்ளவில்லை. பொது வடிவத்தில் சேமிக்காவிட்டால், கம்பெனியை மாற்றும்போது நோயாளியின் வரலாறு கம்பெனியோடு போய்விடுகிறது.

நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களை நானும் யோசித்துப் பார்த்தேன். வெளி லேப்பின் தரத்தை எப்படி நம்புவது என்பீர்கள். நியாயமான கேள்விதான், தவறான ரிப்போர்ட்டை நம்பி மருந்து கொடுக்க எந்த டாக்டரும் தயங்குவார். ஆனால் அதற்காகத்தானே என்ஏபிஎல் அங்கீகாரம் என்ற ஒன்று இருக்கிறது? அங்கீகாரம் பெற்ற லேப்பில் சமீபத்தில் எடுத்த ரிப்போர்ட்டையும் சேர்த்து மொத்தமாக மறுப்பதற்குத் தரம் காரணமாக இருக்க முடியாது. ஓபியில் கூட்டம் அதிகம், டாக்டருக்கு டைப் அடிக்க நேரமில்லை என்பீர்கள். அதுவும் உண்மை. ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் இடத்தில் டாக்டர் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்குத் தனியாக ஆள் போடுங்கள். மருத்துவப் பதிவுப் படிப்பு முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

அந்தரங்கம் என்ற கேள்வியை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மனநல மருந்து எடுப்பவர், எச்ஐவி பாதிப்புள்ளவர், கருக்கலைப்பு செய்துகொண்ட பெண், இவர்கள் விவரம் தெருவுக்கு வந்தால் வாழ்க்கையே போய்விடும். ஆனால் இப்போது மட்டும் அந்தரங்கம் காப்பாற்றப்படுகிறதா? வார்டில் ஃபைலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் அனுப்புவதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். திட்டத்தின் விதிப்படி நோயாளி சம்மதம் கொடுத்தால்தான் பதிவு போகும். எதைக் கொடுப்பது, எத்தனை நாளைக்கு என்பதையும் அவரே முடிவு செய்யலாம், பிறகு ரத்தும் செய்யலாம். எஸ்டோனியா 2008-ல் நாடு முழுவதற்கும் ஒரே உடல்நலத் தகவல் அமைப்பைக் கொண்டுவந்தது. அங்கே தன் பதிவை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதை நோயாளியே பார்க்க முடியும். எஸ்டோனியாவின் மக்கள்தொகை 13 லட்சத்தை ஒட்டி. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்த்து 12.5 லட்சம் பேர். இந்த அளவு இடத்தில் முடியாது என்று சொல்ல வேண்டாம். டென்மார்க்கில் டாக்டர், லேப், மருத்துவமனை, மருந்துக்கடை இடையே போகும் தகவலுக்கெல்லாம் பொது வடிவம் வகுக்க 1994-லேயே மெட்காம் என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, இனி நாங்கள் கேட்பவை.

வெளி ரிப்போர்ட் ஏற்கப்படாது என்ற அறிவிப்புகளை முதலில் எடுங்கள். அங்கீகாரம் பெற்ற லேப்பின் ரிப்போர்ட்டை எந்தெந்தப் பரிசோதனைக்கு எத்தனை நாள் வரை ஏற்பீர்கள் என்று எழுதி வையுங்கள். மறுபடி எடுத்தே ஆக வேண்டும் என்றால் காரணத்தை ஓபி சீட்டிலேயே டாக்டர் ஒரு வரி எழுதட்டும். எதற்காக இரண்டாவது முறை பணம் கட்டுகிறோம் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துச் சீட்டும் எண்களாகவும் குறியீடுகளாகவும் நோயாளியின் ஆபா எண்ணில் சேர வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை இணைப்பாகக் கணக்கிடாதீர்கள். எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே நாளில் லாயிங்க் எண் போட முடியாது என்பது புரிகிறது. கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியம், ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்பிஏ1சி, இவற்றிலிருந்து தொடங்குங்கள். மருந்து ஒவ்வாமையும் சிறுநீரகப் பாதிப்பும் டாக்டர் திரையில் முதலில் தெரியும்படி செய்யுங்கள்.

இனி எந்த அரசு மருத்துவமனைக்கு சாஃப்ட்வேர் வாங்கினாலும், 2016 தரநிலைப்படி பதிவுகளை வெளியே எடுத்துக் கொடுக்கும் வசதி வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் பழைய பதிவு முழுவதையும் பொது வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் வருட ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. அதை ஒவ்வொரு பதிவுப் பிரிவின் வாசலிலும் தமிழில் எழுதி வையுங்கள். விண்ணப்பம் வாங்கும் ஊழியர் தேதி போட்டு ரசீது தரட்டும்.

வயதானவர்களை மறந்துவிடாதீர்கள். அம்மாவின் ஆதாரில் இருப்பது எப்போதோ ரீசார்ஜ் போடாமல் விட்ட நம்பர். ஓடிபி அதற்குத்தான் போகிறது. கைரேகை வைத்துச் சம்மதம் வாங்கும் வசதியும், என்னென்ன பகிரப்படுகிறது என்று தமிழில் வாசித்துக் காட்ட ஓர் ஆளும் ஒவ்வொரு ஓபியிலும் இருக்க வேண்டும். போனே இல்லாதவருக்கு, கடைசிப் பரிசோதனை முடிவுகளையும் ஓடும் மருந்துகளையும் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். ஆபா எண் எடுப்பது விருப்பம் சார்ந்தது என்பதையும் சொல்லியே பதிவு செய்யுங்கள். எண் இல்லை என்று யாரையும் வரிசையிலிருந்து அனுப்பிவிடக் கூடாது.

கடைசியாக, தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் மாவட்ட அதிகாரிகள், புதுச்சேரி சுகாதாரத் துறை, ஜிப்மர், தனியார் மருத்துவமனைகள், லேப்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எல்லை தாண்டிப் பதிவு போவதற்கு ஒரு தேதி குறியுங்கள். எந்த மருத்துவமனையிலிருந்து எத்தனை பதிவுகள் கம்ப்யூட்டர் எடுத்துப் படிக்கும் வடிவத்தில் இணைந்தன என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். அந்தக் கூட்டத்தில் டயாலிசிஸுக்காகக் கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் வரும் நோயாளிகள் இரண்டு பேருக்காவது நாற்காலி போடுங்கள், அவர்கள் சொல்வதையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து,
ஒரு சிறுநீரக நோயாளியின் பிள்ளை